திண்ணை வரை

புதுச்சேரியின் பழைய வீடு என்றவுடன் வெளியூர்க்காரர் மனதில் எழுவது ஒரே படம்தான்: மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மரச் சட்டங்கள் வைத்த நீள ஜன்னல், மதிலுக்கு மேல் தெரியும் காகிதப் பூ. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய சில வீதிகள் இவை. பிரஞ்சுக்காரர்கள் இந்தப் பகுதியை வெள்ளை நகர் என்றும், வாய்க்காலுக்கு மேற்கே இருந்ததைக் கறுப்பு நகர் என்றும் அழைத்தார்கள். 1954 நவம்பரில் ஆட்சி கை மாறியது. கறுப்பு என்ற பெயரை நாம் மெல்ல விட்டுவிட்டோம். வெள்ளை என்ற பெயரை விட மனம் வரவில்லை. இன்றும் ஆட்டோக்காரரிடம் ஒயிட் டவுன் என்று சொன்னால் போதும், மறு கேள்வி இல்லை.

ஆனால் சரித்திரக் கணக்கில் இந்த வெள்ளைப் பகுதியின் கட்டடங்கள் அப்படி ஒன்றும் மூத்தவை அல்ல. 1758இல் லாலி கடலூரில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைத் தகர்த்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர்கள் அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, ஐரோப்பியர் வீடுகள் எல்லாம் திட்டமிட்டு இடிக்கப்பட்டன. 1763 பாரிஸ் உடன்படிக்கையின்படி ஊர் திரும்பக் கிடைத்தது. 1765இல் லா தெ லொரிஸ்தோன் வந்து பழைய வீதிக் கோடுகளின் மேலேயே மறுபடி கட்ட ஆரம்பித்தார். ஆக, கிழக்கே நாம் படம் எடுத்துக்கொள்ளும் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. வீதிகளின் நேர்கோட்டு ஒழுங்கோ, 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த திட்டத்திலிருந்து வந்தது. மாறாக, வாய்க்காலுக்கு மேற்கே ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அந்த இடிப்பில் தப்பியதாகக் கருதப்படுகிறது. பிள்ளை தப்பவில்லை. ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு அவர் இறந்துபோனார். பிரஞ்சு நகரம் என்று பெயர் எடுத்த ஊரில், பிரஞ்சுக்காரர்களின் எந்த வீட்டையும் விட அவர்களுடைய துபாஷியின் வீடு வயதில் மூத்தது.

இதைக் கெட்டிக்காரத்தனமான முரணாகச் சொல்ல வரவில்லை. ஓர் ஊர் தன் பழைய வீடுகளைக் காப்பது என்று தீர்மானிக்கும்போது, எது பழையது என்பதை வயது தீர்மானிப்பதில்லை. யாருடைய கண் பார்க்கிறது என்பதே தீர்மானிக்கிறது. புதுச்சேரியில் கிழக்குப் பகுதியின் அழகு எவருக்கும் எளிதில் பட்டது. மேற்கே இருந்த தமிழ் வீடுகள் பழைய வீடுகள் என்று படவே பல காலம் ஆயிற்று. அவை வெறும் வீடுகளாக இருந்தன. ஜனங்கள் அவற்றில் குடியிருந்தார்கள்.

இரண்டு வகை வீடுகளும் தெருவுக்கு எப்படி முகம் காட்டுகின்றன என்று பார்த்தால் இந்த வேற்றுமை விளங்கும். பிரஞ்சு வீட்டுக்குத் தெருவோடு பேச்சு இல்லை. உயர்ந்த மதில், வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய கதவு. உள்ளே தோட்டம், அதற்கப்பால் தூண் வரிசையோடு வீடு. தெருவில் நடப்பவனுக்குக் கிடைப்பது சுவரின் நிறமும் நிழலும்தான். தமிழ் வீடு இதற்கு நேர்மாறு. வாசலில் தாழ்வாரம், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவு. பல இடங்களில் இந்தத் தூண்கள் தெரு நிலத்திலேயே நிற்கும். வீட்டுக்காரர் செலவில் கட்டிய நிழலில் ஊரார் நடந்துபோனார்கள். தாழ்வாரத்தை அடுத்துத் திண்ணை. பிறகு செதுக்கிய நிலைக்கதவு, ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரங்கள், கூடம், அதற்குப் பின்னால் சமையற்கட்டு, கிணறு, கொல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர்கள். மேலே மர உத்தரங்களின் மீது சிறு செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ். பல வீடுகளில் கீழ்த்தளம் முழுக்கத் தமிழ், மேல்தளம் பிரஞ்சு. வளைவு ஜன்னல், சுதை வேலை செய்த அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர். கீழே திண்ணை வைத்துக்கொண்டு மேலே ஐரோப்பா கட்டிய இந்த வீடுகளுக்கு இணையாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. இவற்றை இரண்டு கலாசாரங்களின் சங்கமம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்காரர் எதை எங்கே வைக்கவேண்டும் என்பதில் மிகத் தெளிவாக இருந்திருக்கிறார். பார்வைக்கு உரியது மேலே போயிற்று. வாழ்க்கைக்கு உரியது கீழேயே இருந்தது.

பாதுகாப்பு வேலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்டாக் ஸ்தாபனம் 1984இல் புதுச்சேரியில் வேலையைத் தொடங்கியது. பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுத்தது, வரைபடங்கள் போட்டது, வீட்டுக்காரர்களிடம் பேசியது. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. வற்புறுத்தலாம், வழி சொல்லலாம், முகப்பைச் செப்பனிடச் செலவில் ஒரு பங்கு தர முன்வரலாம். இடிக்காதே என்று கட்டளையிட முடியாது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பீனோ, பிரான்ஸின் வில்நேவ் சூர் லோ என்ற இரண்டு சிறிய ஊர்களைக் கூட்டாளியாகக் கொண்டு, 2002 முதல் 2004 வரை ஒரு வேலை நடந்தது. அதன் விளைவுதான் வைசியாள் வீதி. கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்று பலகையில் இருக்கும் தெருவின் ஒரு பகுதி அது. ஒரு தனி மாளிகையை எடுத்துச் சிங்காரிக்காமல், தெருவின் இரண்டு சிறகுகளிலும் வரிசையாக முகப்புகளைச் செப்பனிட்டார்கள். விழுந்த தாழ்வாரங்கள் திரும்ப எழுந்தன. 2008இல் இந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

வைசியாள் வீதி வேலையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தமிழ் வீட்டின் அழகு தனி வீட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்று புரிந்துகொண்டதே பெரிய விஷயம். ஒரு வீட்டின் தாழ்வாரத் தூணும் அடுத்த வீட்டின் தூணும் தோள் உரசி நிற்கும்போதுதான் அது தெரு. நடுவில் ஒன்றை உருவிவிட்டால் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடுகிறது. அந்தத் தெருவில் மாலை வெயிலில் நடந்தால், ஊர் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நம்பத் தோன்றும். அந்த நம்பிக்கையில்தான் எனக்குச் சங்கடம் இருக்கிறது.

திண்ணையைப் பற்றி இப்போது எழுதப்படுவது எல்லாம் ஒரே ராகமாக இருக்கிறது. வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த பண்பாடு, விருந்தோம்பல், ஊர்ப்பேச்சு, சதுரங்கம், வெற்றிலைப் பெட்டி. இதில் பொய் இல்லை. ஆனால் திண்ணை, வரச்சொல்லும் இடம் மட்டும் அல்ல, நிறுத்திவைக்கும் இடமும்கூட. தெருவிலிருந்து கொல்லை வரை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்ட அந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. நீ யார்? தாழ்வாரத்தில் நடந்துபோகலாம், திண்ணையில் உட்காரலாமா? திண்ணையில் உட்காரலாம், ரேழிக்குள் வரலாமா? கூடத்தில் சாப்பிட உட்காருபவன், சமையற்கட்டை எட்டிப்பார்க்கலாமா? வீட்டுப் பெண்களுக்கு இதே கேள்விகள் உள்ளிருந்து வெளியே: முற்றம் வரை, ரேழி வரை, எந்த நேரத்தில் திண்ணை வரை. தாழ்வாரத்திலும் கால் வைக்கக்கூடாதவன் இருந்தான். அவன் தெரு நடுவில் நின்று பேசிவிட்டுப் போனான். அந்தத் தெருவுக்குள் வரலாம் என்று இருந்தால்.

டச்சுக்காரர்களின் ஒழுங்கான கட்டங்களில் வீதிகள் சாதி வாரியாகவே நிரம்பின. நெசவு செய்தவர்களுக்கு ஒரு பக்கம், செட்டிமார்களுக்கு ஒரு பக்கம், வேளாளர்களுக்கு, பிராமணர்களுக்கு என்று வேறு வேறு பக்கங்கள். சேரிகள் எல்லைக்கு வெளியே இருந்தன. பழைய மதில் இருந்த கோட்டில் பிற்பாடு புல்வார்கள் வந்தன. மரபுப் பகுதி என்று இன்று நாம் பேசுவது அந்தப் புல்வார்களுக்கு உட்பட்ட ஊரைத்தான். வெளியே இருந்தவர்களின் வீடுகள் மண்ணும் கீற்றுமானவை. ஐம்பது மழைக்கு நிற்காதவை. பட்டியலில் சேர அவற்றுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. காரைவீடு கட்டியவன் சரித்திரத்தில் இருக்கிறான் என்பது கட்டடக்கலையின் குற்றம் இல்லை. ஆனாலும் எதைக் காக்கிறோம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையே சாட்சி தருகிறார். 1745 அக்டோபரில் ஊர் மாதா கோயிலுக்குள் நடந்த ஒரு சம்பவத்தை அவர் தன் தினப்படிக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலின் உட்புறத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர்கள். மறு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். எல்லோரும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று அவர்கள் போய்ப் பாதிரியாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. உடனே மறு பக்கத்தில் கொந்தளிப்பு. பிள்ளை இதைப் பதிவு செய்யும் தோரணையில் சுவர் இடிந்ததற்கான மகிழ்ச்சி எதுவும் இல்லை. அவர் காலத்து மனிதர் அவர். ஆனால் எழுதிவைத்தார். அந்த மாதா கோயிலும் 1761 இடிப்பில் போய்விட்டது. இப்போது சம்பா கோயில் என்று வழங்கும் பேராலயம் 1791இல் எழுந்தது. அந்தச் சுவர் இருந்த இடத்தில் இன்று காட்ட ஒரு செங்கல்கூட இல்லை. காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

அந்தக் காகிதம் தப்பியதும் ஒரு வீட்டினால்தான். பிள்ளை இறந்தபின் எண்பது வருஷங்களுக்கு மேல் அந்தக் குறிப்புகள் அவர் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரோன் அவற்றைக் கண்டு பிரதி எடுத்தார். அரியேல் இன்னொரு பிரதி எடுத்தார். அது பாரிஸுக்குப் போயிற்று. 1904க்கும் 1928க்கும் இடையே சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழனின் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தில் முழுசாகப் படித்துவிட்டுத்தான் நாம் தமிழில் தேடப் போனோம் என்பது இன்னொரு சங்கதி. பிரபஞ்சன் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரண்டு நாவல்களை எழுதினார். ஒரு வீட்டின் மதிப்பை அதன் தூண்களைக் கொண்டு அளக்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வது உண்டு. பரணும் மரப்பெட்டியும் இருந்ததால், குடும்பம் காலி செய்யாமல் இருந்ததால், அந்த எழுத்து நின்றது. முகப்பு மட்டும் காப்பாற்றப்பட்டு உள்ளே வேறு ஏதோ நடக்கிற வீட்டில் எந்தக் காகிதமும் நூறு வருஷம் கிடக்காது.

உள்ளே நடப்பது பெரும்பாலும் பாகப்பிரிவினைதான். இந்த வீடுகள் தெருவில் குறுகியவை, உள்ளே நீளமானவை. மூன்று அண்ணன் தம்பிகள் பங்கு போடும்போது நீளவாக்கில்தான் கோடு கிழிக்க முடியும், ஏனென்றால் மூவருக்கும் தெருவாசல் வேண்டும். கோடு முற்றத்தின் நடுவே போகிறது. முற்றத்தில் சுவர் எழும்பினால் வெளிச்சம் போயிற்று, காற்று போயிற்று; வீடு என்ற யந்திரம் நின்றுவிடுகிறது. பிறகு அதில் இருப்பவருக்கு அது இருட்டு அறைகளின் தொகுப்பு. ஒருவர் விற்கிறார், அடுத்தவர் இடிக்கிறார். சுண்ணாம்பு அரைக்க ஆள் இல்லை, கொத்தனார் சிமெண்டைத்தான் பூசுவேன் என்கிறார், சிமெண்ட் பூசிய பழைய சுவர் மூச்சு விட முடியாமல் உள்ளே ஈரம் கோத்து உப்புப் பூக்கிறது. இத்தனைக்கும் நடுவில் வீட்டுக்காரரைப் பார்த்து மரபைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது சற்றே கூச்சம் தரக்கூடிய காரியம்.

கிழக்குப் பகுதி பிழைத்ததற்கும் ரசனை மட்டும் காரணம் இல்லை. அங்கே அநேக வீடுகள் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்கு வந்தன. சாம்பலும் வெள்ளையுமாக அவற்றுக்கு ஒரே நிறம். ஆசிரமத்துக்குப் பாகப்பிரிவினை கிடையாது.

அரசாங்கக் கட்டடத்துக்கும் பங்காளிகள் கிடையாது. ஆனால் அதனால் மட்டும் பிழைத்துவிட முடியவில்லை. கடற்கரையில் 1870களின் தொடக்கத்திலிருந்து நின்ற மேரி கட்டடம், நகராட்சி மன்றம், கவனிப்பாரில்லாமல் கிடந்து 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் சரிந்தது. அதே முகத்தோடு மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். இது போலி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. 1765இல் இந்த ஊரே அப்படித்தானே எழுந்தது. மேரியில் யாரும் பிறக்கவில்லை, யாருக்கும் அங்கே தாலி கட்டவில்லை. பொதுக் கட்டடம் தன் முகத்தினாலேயே வாழ்கிறது. முகத்தைத் திருப்பிக் கட்டினால் ஓரளவு திரும்பிவிடுகிறது. வீடு அப்படித் திரும்புவதில்லை.

கவிஞர்களின் வீடுகளை ஊர் கொண்டாடுகிறது. அதையும் சொல்ல வேண்டும். பெருமாள் கோயில் வீதியில் 95ஆம் எண், பாரதிதாசன் வாழ்ந்த வீடு, நினைவு இல்லமாகவும் காட்சிக்கூடமாகவும் இருக்கிறது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியின் வீடு. பாரதிதாசன் ஊர்க்காரர். பாரதி 1908இல் தப்பி வந்தவர். 1918 வரை இருந்த பத்து வருஷமும் வாடகைக்கு இருந்தவர், அதுவும் ஒரே வீட்டில் இல்லை. வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே போன விளக்கெண்ணெய்ச் செட்டியாரை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். குடக்கூலிக்காரனின் வீட்டை ஊர் தன் சொத்தாக்கிக்கொண்டது, நம்மிடையே அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல.

பாரதி புதுவையில் இருந்தபோது, கனகலிங்கம் என்ற ஆதிதிராவிட இளைஞருக்குத் தன் வீட்டில் ஹோமம் வளர்த்துப் பூணூல் போட்டு காயத்ரி சொல்லிக்கொடுத்தார். கனகலிங்கம் பிற்காலத்தில் தன் குருநாதரைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்கிறார். பூணூல் போட்டுத்தான் ஒருவனைச் சமமாக்க வேண்டுமா என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நான் பார்ப்பது வேறு ஒன்றை. அந்தத் தெரு, திண்ணை, நிலைப்படி, கூடம் என்ற வரிசை முழுவதையும் ஒரு காலை நேரத்தில் ஒருவர் கடந்து உள்ளே போயிருக்கிறார். அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு எதிராக அது அன்று பயன்பட்டது. வீட்டின் சரித்திரம் என்று நான் நினைப்பது இதைத்தான். பாரதி வீட்டுக்குப் போகிறவர்கள் புகைப்படங்களையும் கடிதங்களையும் பார்க்கிறார்கள். கால் வைத்து உள்ளே வந்த அந்த நிலைப்படியை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதைக் காட்ட வேறு எதுவும் தேவையில்லை, படி இருந்தால் போதும்.

இப்போது இந்தப் படிகளைத் தாண்ட வேறு வழி வந்திருக்கிறது. மேற்கே நல்ல நிலையில் இருக்கும் தமிழ் வீடுகளில் பல விடுதிகள் ஆகிவிட்டன. விடுதிக்காரர்கள் பணம் போட்டுச் செப்பனிடுகிறார்கள். சுண்ணாம்புக்கு ஆள் தேடிக் கொண்டுவருகிறார்கள். முற்றத்தில் சுவர் எழுப்புவதில்லை, அங்கே மேஜை போடுகிறார்கள். கட்டடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அண்ணன் தம்பிகளை விட இவர்கள் நல்ல காவல்காரர்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்காமல், அறை வாடகை கொடுத்த எவரையும் கூடம் வரை, மாடி வரை விடுகிறார்கள். முந்நூறு வருஷமாகத் திறக்காத ஒன்றைப் பணம் திறந்திருக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். அதே சமயம் திண்ணையில் இப்போது சீருடை போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெயிலுக்கு ஒதுங்கினால் யாரைப் பார்க்கவேண்டும் என்று மரியாதையாகக் கேட்கிறார்.

வைசியாள் வீதியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. சில திண்ணைகளுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். இரவில் யாராவது வந்து படுத்துவிடுகிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். செருப்பு ஸ்டாண்டு, காஸ் சிலிண்டர், ஸ்கூட்டர் என்று திண்ணையும் தாழ்வாரமும் நிரம்பிக் கிடக்கின்றன. சில வீடுகளில் ஸ்கூட்டர் ஏறுவதற்காகப் படிகளின் மேலேயே சிமெண்ட் சரிவு போட்டிருக்கிறது. தார் போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே போடுகிறார்கள். தெரு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்கிறது. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி. சில வீடுகளில் படியே இல்லை, தெருவும் திண்ணையும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக ரேழிக்குள் போகிறது.